இடப்பக்கம் இழுத்த மைவி

சாயங்காலம் ஏழரை மணி. மழை விட்டிருந்தது. கிள்ளானை அடுத்த மேருவில் தொழிற்சாலைகளுக்குப் பின்னால் ஒரு சாலை போகிறது... ஒரு பக்கம் செம்பனைத் தோட்டம், மறுபக்கம் பூட்டிய கிடங்குகள். ஷிப்ட் விட்டுவிட்டால் அந்தப் பக்கம் நாய்கூட நடக்காது. அந்தச் சாலையில் விமலன் தன் வெள்ளை மைவி காரில் தனியாக வந்துகொண்டிருந்தான்.

இருங்கள். இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். தட்டில் பஜ்ஜி மிச்சம் வைத்திருப்பவர்கள் இப்போதே தின்று முடித்துவிடுங்கள். இது நாறுகிற கதை. பாதியில் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து ஓடினால் நான் பொறுப்பில்லை.

விமலன் யார் என்றால், நம் கன்னையா இருக்கிறாரே, அவருடைய அக்காள் மகன். கன்னையா கதை கட்டுகிற ஆள் இல்லை. இதை என்னிடம் சொன்னபோது வாங்கிய டீயைக்கூட அவர் தொடவில்லை. ஆடை படிந்து அப்படியே ஆறிப்போயிற்று.

அன்று மத்தியானம்தான் விமலன் காரை இறக்கியிருந்தான். இறக்குவது என்றால் தெரியுமல்லவா? நன்றாக இருக்கிற ஸ்பிரிங்கைக் கழற்றிப் போட்டுவிட்டுக் குட்டை ஸ்பிரிங் மாட்டுவது. கார் தரையோடு தரையாக உட்கார்ந்துகொள்ளும். டயருக்கும் அதன் மேலே இருக்கிற தகட்டுக்கும் நடுவில் இரண்டு விரல்தான் நுழைய வேண்டும், அதுதான் இவர்களுக்கு அழகு. எனக்கு அதைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். மேடு வருகிற இடமெல்லாம் வயிற்றைத் தேய்த்துக்கொண்டு போகிற வண்டியில் என்ன அழகு வேண்டிக் கிடக்கிறது?

அதிலும் இவன் விடலைப் பையனா? முப்பத்திரண்டு வயது. கிள்ளானில் வீடு, வீட்டில் மனைவி வாணி ஏழு மாதக் கர்ப்பிணி. இரண்டு முறை கலைந்து, டாக்டர் கோயில் என்று அலைந்து, மூன்றாவதாகத் தங்கிய பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு. அது முடிந்ததும் இதே காரில்தான் அவளைத் தெலுக் பங்லிமா காராங்கில் அம்மா வீட்டில் கொண்டுபோய் விட வேண்டும். அப்படிப்பட்டவளை ஏற்றப்போகிற காரை எந்த மடையனாவது அந்த வாரத்தில் இறக்குவானா? இறக்கினான். வளைகாப்புக்கு வருகிற கூட்டாளிகள் பார்த்து மெச்ச வேண்டுமாம்.

சாலை முடிகிற இடத்தில் ஒரு முச்சந்தி. நடுவில் என்னவோ கிடந்தது. விளக்கு வெளிச்சத்தில் பார்த்தான்... கழிப்பு. யாரையோ பிடித்ததை விரட்டி, அதற்குத் தின்னக் கொடுத்து, கொண்டுவந்து அங்கே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போயிருக்கிறார்கள். பிளந்த வெண்பூசணி. அதன் வயிற்றில் குங்குமம் போட்டுப் பிசைந்த சோறு. உடைத்த முட்டைகள், நறுக்கிய எலுமிச்சை, கறுப்புக் கோழியின் தலை. மழையில் ஊறி எல்லாம் உப்பிப்போய்க் கிடந்தன.

நம் ஆட்கள் யாரும் அதை மிதிக்கமாட்டார்கள். காரில் வந்தால், சக்கரம் படாமல், நடுவில் விட்டுக் கடந்துவிடுவார்கள். அப்பா ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்துப் பழகின காரியம். விமலனும் யோசிக்காமல் அதையேதான் செய்தான். சக்கரம் படவில்லை.

ஆனால் கார் இறங்கியிருப்பதை மறந்துவிட்டான்.

சளக்.

அப்புறம்... தர்ர்ர்ர்ர்ர். அடியில் ஏதோ சிக்கி, தாரில் தேய்ந்துகொண்டே கூடவே வந்தது. நிறுத்தினான். இறங்கிப் பார்க்க அருவருப்பு. ரிவர்ஸ் போட்டு உதறிப் பார்த்தான். இன்னொரு சளக். இப்போது சத்தம் இடப்பக்கத்து முன்சக்கரத்துக்குப் போயிற்று. இன்ஜினை அணைத்துவிட்டுக் காதைக் கொடுத்தான். தவளைகள் கத்தின. அதற்கும் கீழே, காலடியில், வேறொரு சத்தம்... ஸ்ப்... ஸ்ப்... ஸ்ப். நல்லி எலும்பை வாயில் வைத்து உறிஞ்சுவோமே, அந்தச் சத்தம். தண்ணீர் சொட்டுகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு காரை எடுத்தான்.

அங்கிருந்தே கார் இடப்பக்கம் இழுக்க ஆரம்பித்தது. ஸ்டீரிங்கை இரண்டு கையாலும் பிடித்து வலப்பக்கம் திருப்பிக்கொண்டே வர வேண்டியிருந்தது. அவன் அதற்காகப் பெரிதாகப் பயப்படவில்லை. காரை இறக்கினால் சக்கரங்கள் நேராக நிற்காது, உள்ளே சாயும், வெளியே கோணும். அலைன்மென்ட் பார்த்துச் சரி செய்கிறவரை அப்படித்தான் இழுக்கும். அது கார் வைத்திருக்கிற எல்லாருக்கும் தெரியும்.

வீட்டில் குழாயை இழுத்துவந்து அடியில் பீய்ச்சினான். மஞ்சளும் சிவப்புமாக ஒழுகியது. பூசணித் தோல் வந்தது. கோழி இறகு வந்தது. துணி மாட்டுகிற கம்பியை வளைத்து இடது சக்கரத்துக்கு மேலே விட்டுத் துழாவினான். தலைமுடி வந்தது. நீளமான முடி, முட்டைக் கருவில் தோய்ந்து கொழகொழவென்று. இழுத்தான். இன்னும் வந்தது. முழங்கை அளவு, இரண்டு முழங்கை அளவு... வந்துகொண்டே இருந்தது. ஒரே இழுப்பாக இழுத்துவிடலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தான்.

உள்ளேயிருந்து யாரோ திருப்பி இழுத்தார்கள்.

கம்பியும் முடியும் கையைவிட்டுச் சரசரவென்று உள்ளே போயின. டங் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். கம்பியைக் காணவில்லை.

அதற்குள் வாணி ஜன்னலுக்கு வந்துவிட்டாள். சும்மாவே அவளுக்கு வாசனை எதுவும் ஆகாது. தாளிக்கிற வாசனை வந்தாலே ஓங்கரிப்பாள். முந்தானையால் மூக்கை அழுத்திக்கொண்டு கேட்டாள்:

“என்னங்க அது? என்ன செத்துக் கிடக்கு கார்ல?”

“ஒண்ணும் இல்ல லா. லோங்காங் தண்ணி. மழைல ரோட்டுல ஏறிடிச்சி.”

சாக்கடைத் தண்ணீர் மேல் பழியைப் போட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான். முச்சந்தியைப் பற்றி மூச்சு விடவில்லை. சொல்லியிருந்தால் அவள் அந்தக் காரைத் தெருவில்கூட நிறுத்த விட்டிருக்கமாட்டாள். அவனுக்குக் காரல்லவா முக்கியம்!

மறுநாள் சனிக்கிழமை. மேருவில் பழனியப்பன் என்று ஒருவர் அலைன்மென்ட் கடை வைத்திருந்தார். அளந்து பேசுகிற மனிதர். காரை மேடையில் ஏற்றினார்கள். பழனியப்பன் முதலில் எல்லாரும் செய்கிற மாதிரி சக்கரத்துக்கும் தகட்டுக்கும் நடுவில் இரண்டு விரலை விட்டு உயரம் பார்த்தார். வலது முன்பக்கம், சரி. பின்பக்கம் இரண்டும் சரி. இடது முன்பக்கம் விட்டார்.

சட்டென்று விரலை உருவிக்கொண்டார். பார்த்தார். முகர்ந்தார். முகம் கோணிப்போயிற்று. காற்சட்டையில் துடைத்தார், மறுபடியும் துடைத்தார்.

“பாஸ்... இங்க என்ன வச்சிருக்கீங்க?”

“ஏன்ணே?”

“ஈரமா இருக்கு. சூடா இருக்கு.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “வாயிக்குள்ள வெரல வச்ச மாதிரி இருக்கு பாஸ். பல்லுகூடப் பட்டுச்சி.”

விமலன் சிரித்தான். வெட்கம்கெட்ட சிரிப்பு. கம்பி உள்ளே போனதைப் பார்த்தவன் அவன், அவனுக்குத் தெரியாதா?

பழனியப்பன் சோப்புத்தூள் போட்டுக் கையைக் கழுவிவிட்டு வந்து வேலையைப் பார்த்தார். நான்கு சக்கரத்திலும் கருவியை மாட்டினார். கம்ப்யூட்டர் திரையில் சக்கரம் நேராக நின்றால் பச்சை, கோணியிருந்தால் சிவப்பு. மூன்று பச்சை. இடது முன்சக்கரம் மட்டும் சிவப்பு. அடியில் போய் நட்டைத் திருகினார், பச்சை வந்தது. ஸ்பேனரை எடுத்தார், சிவப்பு. திருகினார், பச்சை. கையை எடுத்தார், சிவப்பு. சக்கரம் அவர் கண்ணெதிரிலேயே மெதுவாக... நோகிற காலை மடக்கிக்கொள்கிற மாதிரி... உள்ளே மடங்கியது. ஈக்கள் வேறு. பட்டறையில் இருந்த ஈயெல்லாம் அந்த ஒரு சக்கரத்தில்தான் மொய்த்தன.

இறக்கின காருக்கு ஒரு வழக்கம் உண்டு. காலியாக வைத்து அலைன்மென்ட் பார்த்தால், ஆள் ஏறினதும் அளவு மாறிவிடும். அதனால் எப்போதும் உட்காருகிறவர்களின் எடைக்கு மணல் மூட்டையை சீட்டில் வைத்துப் பார்ப்பார்கள். பழனியப்பன் விமலனை ஓட்டுகிற சீட்டில் உட்காரச் சொன்னார். இடது சீட்டில் மூட்டைகளை அடுக்கினார். கார் அந்தப் பக்கம் ஒரு நூல்கூட இறங்கவில்லை. அத்தனை மூட்டைக் கனமும் எங்கே போயிற்று என்று தெரியவில்லை, யாரோ அடியிலிருந்து முதுகைக் கொடுத்துத் தாங்கிக்கொண்ட மாதிரி கார் அசையாமல் நின்றது.

“இந்த சீட்டுல வழக்கமா யார் உக்காருவா?” என்று கேட்டார் பழனியப்பன்.

“என் வைஃப்.”

“எத்தன கிலோ இருப்பாங்க?”

“மாசமா இருக்காங்கண்ணே. இப்ப எவ்ளோன்னு தெரியல.”

பழனியப்பன் மூட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கினார். அப்புறம்தான் பேசினார். “பாஸ், நான் சொல்றத கேளுங்க. காரு இங்கயே கெடக்கட்டும். நீங்க கிராப் டாக்சி எடுத்துட்டுப் போங்க. கோயில்ல யாரையாவது பாருங்க. புள்ளத்தாச்சிய இதுல ஏத்தாதீங்க.”

நல்ல வார்த்தை. கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் அவன் என்ன செய்தான் தெரியுமா? வெளியே போய் நின்று வாணிக்குப் போன் போட்டான்.

“ஒரு பத்து நிமிஷம் வந்து உக்காந்துட்டுப் போ லா. ஆள் உக்காந்தாத்தான் செட் பண்ண முடியுமாம். உனக்காகத்தானே பாக்குறேன்... நீயும் பாப்பாவும் சேஃப்பா போகணும்ல?”

உனக்காகத்தானே என்றான்! எனக்கு இந்த இடத்தைச் சொல்லும்போதெல்லாம் அவன் பிடரியில் ஒன்று போட வேண்டும்போல் இருக்கும். பாவம் அந்தப் பெண், நம்பி வந்தாள். கிராப்பில் வந்து இறங்கி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்த மேடையில் ஏறினாள். பழனியப்பன் தடுக்கப் பார்த்தார். “தங்கச்சி, வேணாம்மா” என்றார். விமலன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான்.

உட்கார்ந்தாள். கதவைச் சாத்தினான்.

முதலில் ஓங்கரித்தாள். துப்பட்டாவை மூக்கில் வைத்து, கண்ணை இறுக மூடி, “நாறுதுங்க... என்னால முடியல, இறக்கி விடுங்க” என்றாள். சீட்டுக்கு அடியில் டக் டக் என்று தட்டுகிற சத்தம் கேட்டது. கீழேயிருந்து தகட்டை விரலால் தட்டிப் பார்க்கிற சத்தம். அந்தச் சத்தம் அவள் கால் பக்கம் போயிற்று... இடுப்பு வரைக்கும் வந்தது... நின்றது.

வாணி ஓங்கரிப்பதை நிறுத்தினாள். மெதுவாகத் துப்பட்டாவை இறக்கினாள். மூக்கு விரிய, நன்றாக, ஆழமாக ஒரு மூச்சு இழுத்தாள்.

“போச்சு” என்றாள். “இப்ப நாறல.”

திரையில் நான்கும் பச்சை. பழனியப்பன் ஸ்பேனரைத் தொடக்கூட இல்லை. ஈ ஒன்றுகூட இல்லை. கார் இடப்பக்கம் அவள் எடைக்கு எவ்வளவு இறங்க வேண்டுமோ, அதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே இறங்கியிருந்தது. விமலனுக்கு ஒரே சந்தோஷம். கூலி எவ்வளவு என்று கேட்டான். “எடுத்துட்டுப் போங்க, எடுத்துட்டுப் போங்க” என்று சொல்லிவிட்டு பழனியப்பன் மறுபடியும் கை கழுவப் போய்விட்டார்.

திரும்பி வருகிற வழியில் ஸ்டீரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்துக் காட்டினான். கார் நூல் பிடித்தது மாதிரி நேராக ஓடியது. “பாத்தியா?” என்றான். வாணி அவனைப் பார்க்கவில்லை. “பசிக்குதுங்க” என்றாள்.

ஏழு மாதமாக ஒரு பிடி சோறு உள்ளே தங்காதவள். அன்று இரவு பானையோடு தின்றாள். விமலன் நல்லதுக்குத்தான் என்று நினைத்தான். குளிர்ப்பெட்டியில் வைத்திருந்த கோழியை அவள் வறுக்கவில்லை. அப்படியே தின்றிருந்தாள். காலையில் குப்பைக் கூடையில் எலும்பைப் பார்த்தான், நக்கி நக்கி வெள்ளையாக, பாலிஷ் போட்ட மாதிரி கிடந்தது. அதையும் அவன் பிளாஸ்டிக் பையில் சுற்றி வெளியே போட்டுவிட்டு வந்து தோரணம் கட்டினான். மனுஷனா அவன்?

வளைகாப்பு ஒழுங்காக நடந்தது என்றுதான் வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். பட்டுப்புடவை, தலைநிறையப் பூ, இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல். கூட்டாளிகள் வாசலில் காரைச் சுற்றிச் சுற்றி வந்து மெச்சினார்கள். உள்ளே பக்கத்து வீட்டு அமுதவள்ளி அக்கா சந்தனம் பூசிவிட்டு, பிள்ளை உதைக்கிறதா பார்க்கலாம் என்று ஆசையாக வாணியின் வயிற்றில் கை வைத்தாள். வைத்த வேகத்தில் எடுத்துக்கொண்டாள். உள்ளங்கையைப் பார்த்தாள். மூக்கருகே கொண்டுபோனாள். அப்புறம் அந்தக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே, சாப்பாடு வேண்டாம், வீட்டில் வேலை இருக்கிறது என்று சொல்லிக் கிளம்பிவிட்டாள். அவள் வாசல் படி இறங்கும்போது வாந்தி எடுத்ததை விமலன் பார்த்தான்.

பொழுது சாய்ந்தது. வந்தவர்கள் போய்விட்டார்கள். வாணியின் அம்மா முன்கூட்டியே போய் வீட்டைத் தயார் செய்கிறேன் என்று உறவுக்காரர் காரில் புறப்பட்டுவிட்டார். இனி வாணியை ஏற்றிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். விமலன் துணிப்பெட்டியை மாடியிலிருந்து தூக்கிக்கொண்டு இறங்கினான்.

“வாணி, போலாமா?”

தேடினான். அறையில் இல்லை. சமையற்கட்டில் இல்லை. வாழையிலைகள் மட்டும் கிடந்தன, எச்சில் இலைகள் எல்லாம் வழித்து நக்கியதுபோல் சுத்தமாக இருந்தன.

வெளியே வளையல் சத்தம் கேட்டது.

கிளிங்... கிளிங்.

வாசலில் கார் நிற்கிற இடத்துக்கு வந்தான். யாரும் இல்லை. கேட் பூட்டியிருந்தது. காருக்குள் பார்த்தான், காலி. நேற்று மறைந்துபோன நாற்றம் மூக்கில் ஏறியது. அழுகின பூசணி, முட்டை, நனைந்த முடி...

கிளிங்... கிளிங். நின்றது. ஈரமாக மெல்லுகிற சத்தம். விழுங்குகிற சத்தம். மறுபடியும் கிளிங்.

காரின் அடியிலிருந்து வந்தது.

இறக்கின கார். தரைக்கும் அதற்கும் நடுவில் ஒரு பூனை நுழையக்கூட யோசிக்கும். பெட்டியைக் கீழே வைத்தான். முட்டி போட்டான். அது போதவில்லை. சிமெண்டுத் தரையில் கன்னத்தை வைத்து ஒரு கண்ணால் பார்த்தான்.

வாணி மல்லாந்து படுத்திருந்தாள். முகம் இவன் பக்கம் திரும்பியிருந்தது. தலையில் பூ அப்படியே இருந்தது. பட்டுப்புடவை தரையோடு தரையாகப் படிந்து கிடந்தது. வயிறு இருக்க வேண்டிய இடத்திலும் அப்படியே தட்டையாகத்தான் கிடந்தது. வாய் மட்டும் மென்றுகொண்டிருந்தது. அவளுக்குப் பின்னால், இருட்டில், இன்னொரு வாய் மெல்லுகிற சத்தமும் கேட்டது.

விமலனுக்கு அழுகைதான் வந்தது.

அவள் விழுங்கிவிட்டு அவனைப் பார்த்துச் சிரித்தாள். வளையல் கையை வெளியே நீட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“அழாதீங்க” என்றாள், அத்தனை அன்பாக. “நீங்களும் வாங்களேன்... உள்ள எடம் இருக்கு.”